‘மறை’ என்ற ஒரு சொல்லுக்கு நான்கு சனிக்கிழமைகள்: அல்சூர் மாலை வகுப்பு ஒன்றின் மதிப்புரை

ஒரே ஒரு சொல்லைப் பற்றி எட்டு மணி நேரம் பேச விஷயம் இருக்குமா, இருந்தாலும் அதற்கு 1,600 ரூபாய் கொடுக்கத்தான் வேண்டுமா என்ற இரண்டு ஐயங்களோடுதான் பெங்களூரு அல்சூரில் நடந்த இந்த மாலை வகுப்பில் சேர்ந்தேன். எடுத்துக்கொண்ட சொல் ‘மறை’. நான்கு சனிக்கிழமைகள், வாரத்துக்கு இரண்டு மணி நேரம். முதல் மூன்று வாரங்கள் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரும், நான்காவது வாரம் வெளியிலிருந்து வந்த விருந்தினர் ஒருவரும் பாடம் நடத்தினார்கள். சொந்தப் பணத்தைப் போட்டு நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் முயற்சி என்பதாலும், குறைகளையும் எழுத வேண்டியிருப்பதாலும் நடத்துவோரின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். மறையைப் பற்றிய மதிப்புரையில் பெயரை மறைப்பது பொருத்தம்தான் என்று உடன் வந்த நண்பர் கேலி செய்தார்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெட்ரோவில் ஹலசூரு நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். கடைக்கு மேலே மாடி அறை, இருபது நாற்காலிகள், சத்தம் போடும் இரண்டு மின்விசிறிகள். படி செங்குத்தானது, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். பதினான்கு பேர் வந்திருந்தோம்.

முதல் வகுப்பு அறையில் தொடங்கவில்லை. ஆசிரியர் எங்களை அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலைக்கு அழைத்துச் சென்றார். 1991 முதல் பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட சிலை அது. நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்ட பிறகே, சிலைக்குச் சிலை என்ற அந்தக் கணக்கு நேரானது. “பொதுமறை பாடியவரையே பதினெட்டு ஆண்டு மறைத்து வைத்திருந்த ஊர் இது; பாடத்தை இங்கேயே ஆரம்பிக்கலாம்” என்றார். மேடைப் பேச்சு போலத் தொடங்குகிறதே என்று எனக்குச் சற்றுத் தயக்கமாக இருந்தது. ஆனால் அடுத்த அரை மணி நேரத்தில் அவர் செய்தது மேடைப் பேச்சன்று. குறளுக்குள் ‘மறை’ என்ற சொல் எங்கெங்கே வருகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்.

உலகமே மறை என்று கொண்டாடும் அந்த நூலுக்குள் பெரும்பாலான இடங்களில் இந்தச் சொல்லுக்குச் சமயத் தொடர்பே இல்லை என்பதை நான் அதுவரை கவனித்ததில்லை. ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்யும் அரசன் தன் மறையைத் தானே வெளியிட்டவன் ஆவான் என்று 590-ஆம் குறள் சொல்கிறது. அங்கே மறை என்பது அரசாங்க ரகசியம். கேட்ட மறையைச் சுமந்துபோய்ப் பிறரிடம் சொல்லும் கயவர் அறையப்படும் பறை போன்றவர் என்பது 1076. அங்கே அது ஊர்வம்பு. எம்மைப் போலப் பறையறையும் கண்களை உடையவர்களின் மனத்திலுள்ள மறையை ஊரார் தெரிந்துகொள்வது அரிதல்ல என்று காதலி புலம்புவது 1180. அங்கே அது காதல் நோய். இரண்டு இடங்களில் மறையும் பறையும் பக்கத்தில் பக்கத்தில் வருவதை எதுகைக்காக என்று தள்ளிவிடாமல், மறைந்திருப்பது ஒலித்தே தீரும் என்ற எண்ணம் வள்ளுவருக்கு இருந்திருக்கிறது என்று ஆசிரியர் வாதிட்டார். அதற்கு அவர் காட்டிய சான்று 28-ஆம் குறள்: நிறைமொழி மாந்தரின் பெருமையை மறைமொழி ‘காட்டிவிடும்’. தொல்காப்பியச் செய்யுளியலும் ஏறக்குறைய இதே சொற்களைக் கொண்டு, நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழிதான் மந்திரம் என்கிறது. மறைந்த மொழி காட்டுகிறது என்னும் முரணில்தான் ஒரு சாதாரண வினைச்சொல் ஆன்மிகச் சொல்லாக மாறும் இடம் இருக்கிறது என்பது அவர் கருத்து. முழுவதும் ஏற்காவிட்டாலும், குறளை அப்படிப் படித்துக் காட்டியதற்காகவே முதல் வாரக் கட்டணம் எனக்குச் செரித்துவிட்டது.

இரண்டாவது வாரம்தான் வகுப்பின் உயிர். ‘மறை’ எப்படி வேதத்துக்குப் பெயரானது என்பது கேள்வி. வடமொழியில் வேதம் என்ற சொல் ‘வித்’, அதாவது அறிதல், என்னும் வேரிலிருந்து வருவது. அதே நூலுக்குத் தமிழ் வைத்த பெயரோ மறைத்தல் என்னும் வினையிலிருந்து வருவது. ஒரு மொழியில் அறிவு, இன்னொரு மொழியில் மறைவு. தமிழில் வேறு பெயர்களும் இருந்தன: ஓதப்படுவதால் ஓத்து, குறுந்தொகை 156-ஆம் பாட்டில் காதலன் தன் பார்ப்பனத் தோழனிடம், எழுதாக் கற்பாகிய உன் சொல்லுக்குள் பிரிந்தவரைச் சேர்த்துவைக்கும் மருந்தும் உண்டோ என்று கேட்கும்போது, எழுதப்படாத கல்வி என்பதே வேதத்துக்குப் பெயராகிறது. ‘மறப்பினும் ஓத்துக் கொளலாகும்’ என்று குறளே வேறோரிடத்தில் ஓத்து என்றுதான் சொல்கிறது. சங்க நூலிலேயே புறநானூற்றின் 2-ஆம் பாட்டில் வேதம், 6-ஆம் பாட்டில் நான்மறை என்று இரண்டும் கிடைக்கின்றன. ஆக, வேறு சொல் இல்லாமல் மறை என்றார்கள் என்று சொல்ல முடியாது.

தொல்காப்பியப் பாயிரத்தில் வரும் ‘நான்மறை முற்றிய அதங்கோட்டு ஆசாற்கு’ என்ற தொடருக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், நான்கு கூறாகவும் மறைந்த பொருள் உடையதாகவும் இருப்பதால் நான்மறை என்று காரணம் கூறுகிறார். ஆசிரியர் இதைச் சொல்லி முடிப்பதற்குள், பின் வரிசையில் இருந்த மென்பொருள் நிறுவன ஊழியரான ஓர் இளம்பெண் எழுந்து, “ஐயா, பொருள் தானாக மறைந்திருந்ததா, இல்லை யாரிடமிருந்தாவது மறைத்தார்களா?” என்று கேட்டார். அறை அமைதியானது. ஆசிரியர் மழுப்பவில்லை. தமிழில் ‘மறைந்தது’ தன்வினை, ‘மறைத்தது’ பிறவினை. ‘மறை’ என்னும் பெயர்ச்சொல்லுக்குள் இரண்டும் அடங்கிக் கிடப்பதால் அந்தச் சொல் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை. எவர் ஓதலாம், எவர் கேட்கலாம் என்று வரம்பு கட்டிய வரலாறு உண்மை, அதை இலக்கணத்துக்குப் பின்னால் ஒளித்துவைக்கக் கூடாது என்று சொன்னார். உரையாசிரியர் தன்வினையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பதே ஒரு செய்தி என்று அவர் சேர்த்ததை நான் குறித்துவைத்துக்கொண்டேன்.

அந்தக் கேள்வியிலிருந்து இராமானுசருக்குப் போனது இயல்பாக இருந்தது. திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து பெற்ற மந்திரப் பொருளை, வெளியே சொல்லக் கூடாது என்ற ஆணையை மீறி எல்லாரும் கேட்கச் சொன்னார் என்பது வைணவ குருபரம்பரை சொல்லும் கதை. பெங்களூருவிலிருந்து போய்வரக்கூடிய மேலுக்கோட்டையில் அவர் வாழ்ந்த நாட்களை நினைவுகூராத வைணவக் குடும்பம் இங்கே குறைவு. ஆசிரியர் சுட்டியது வேறொன்று. கோபுரத்தின் மேலிருந்து அறிவித்தாகிவிட்டது என்று கதை சொன்ன பிறகும், அந்த மரபு திருமந்திரம், துவயம், சரமசுலோகம் என்னும் மூன்று மந்திரங்களையும் ‘ரகசியத்ரயம்’ என்றே அழைக்கிறது. அந்த மரபின் ஆசாரியரான பிள்ளை லோகாசாரியர் எழுதிய பதினெட்டும் ரகசிய நூல்களே. ரகசியம் என்ற சொல் ‘ரஹஸ்’, தனியிடம், என்பதிலிருந்து வருவது. கூட்டத்தில் சொல்லாமல் ஒதுக்குப்புறத்தில் சொல்வது. கூட்டத்தில் சொல்லிவிட்ட பின்பும் அது ஏன் ரகசியமாகவே இருக்கிறது? சொற்களைக் கேட்டவனுக்கெல்லாம் பொருள் வசப்படுவதில்லை என்பதனால் என்று மல்லேசுவரத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் பதில் சொன்னார். அவர் குரலில் இருந்த உறுதி எனக்குப் பிடித்தது. பதில் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை.

மூன்றாவது வாரம் சைவத்தில் தொடங்கியது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலில் மறைத்தலும் இறைவனின் வேலை என்பது தெரிந்த செய்திதான். நடராசரின் திருவுருவத்தில் உடுக்கை படைப்பு, அமைத்த கை காப்பு, தீ அழிப்பு, தூக்கிய திருவடி அருள், ஊன்றிய திருவடி மறைப்பு என்று சைவ சித்தாந்த நூலான ‘உண்மை விளக்கம்’ வகுப்பதை அவர் படத்தில் தொட்டுத் தொட்டுக் காட்டினார். மறைப்பு என்பது தூக்கிய காலில் இல்லை, முழுப் பாரத்தையும் தாங்கும் காலில் இருக்கிறது. மறைப்பது தண்டனையன்று, உயிர் பக்குவப்படும்வரை திரையிட்டுக் காப்பது என்னும் சித்தாந்த விளக்கம் எனக்கு ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்துவந்தது. அந்தக் காலைப் பார்த்த பிறகு அப்படி இல்லை. மரத்தை யானை மறைத்தது, மரத்தில் யானை மறைந்தது என்னும் திருமூலரின் திருமந்திரப் பாட்டில், முந்திய வாரம் பேசிய பிறவினையும் தன்வினையும் அடுத்தடுத்த அடிகளில் மாறி நிற்பதை அவர் நினைவூட்டியபோது, அந்த இளம்பெண்ணே முதலில் சிரித்தார்.

பிறகு வேதாரணியம். திருமறைக்காடு என்ற பெயரை அப்படியே வடமொழியாக்கினால் வேதாரணியம் கிடைக்கிறது. அங்கே மறை என்பது வேதமாகிவிட்டது. ஆனால் ஊரின் கதையோ மூடிய கதவைப் பற்றியது. வேதங்கள் பூசித்துத் திருக்காப்பிட்ட கதவை யாராலும் திறக்க முடியாமல் மக்கள் வேறு வழியாகப் போய்வந்தார்கள். அப்பர் பதிகம் பாடத் திறந்தது, சம்பந்தர் பாட மூடியது. அப்பருக்கு நேரம் பிடித்தது, சம்பந்தருக்கு ஒரு பாட்டே போதுமாயிற்று, அதனால் அப்பர் மனம் வருந்தினார் என்பது பெரியபுராணம். ஊர்ப்பெயரில் காடு வேதமாகவும் கதையில் கதவு மறைவாகவும் ஒரே சொல்லின் இரண்டு பொருளும் ஓரிடத்தில் நிற்கின்றன. இதற்கு இன்னும் கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கலாம்.

அதே வாரத்தின் பின்பாதியை ஆசிரியர் கேட்டவர்களிடமே விட்டுவிட்டார், துணிச்சலான முடிவு. பிரேசர் டவுனிலிருந்து வந்த அம்மா ஒருவர், தம் தாயார் செபமாலையில் ‘சந்தோஷ தேவ ரகசியங்கள்’ என்று சொன்னதைத் தாம் இப்போது ‘மகிழ்ச்சி மறையுண்மைகள்’ என்று சொல்வதாகக் கூறினார். அங்கே ரகசியத்துக்குத்தான் மறை வந்திருக்கிறது. ஆனால் அதே திருச்சபையில் ‘வேதசாட்சி’ என்ற பழைய சொல் ‘மறைசாட்சி’ ஆனபோது வேதத்துக்கு மறை வந்தது; 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயத்தை மறைசாட்சி என்று சொல்லும்போது யாரும் ரகசியத்தை நினைப்பதில்லை. மறைமாவட்டம், மறைக்கல்வி, மறையுரை எல்லாம் இந்த வழியில் வந்தவை. “என் பேரன் மறைமாவட்டம் என்றால் ஒளிந்திருக்கும் மாவட்டமா பாட்டி என்று கேட்டான், என்னிடம் பதில் இல்லை” என்று அவர் சொன்னபோது அறையே சிரித்தது. சிவாஜிநகரிலிருந்து வந்த நண்பர், திருமறை என்றால் தங்கள் வீட்டில் குர்ஆன் என்றும், அதன் இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில் இறையச்சம் உடையோரின் முதல் அடையாளமாகச் சொல்லப்படுவதை ‘மறைவானவற்றை நம்புவார்கள்’ என்று தமிழில் ஓதுவதாகவும் சொன்னார். அரபுச் சொல் கைபு, புலனுக்கு எட்டாதது. ஆக, நூலுக்கும் மறை, அந்த நூல் நம்பச் சொல்வதற்கும் மறைவு. வேதாசலம் 1916-இல் தம் பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்டபோது வேதத்துக்கு நேர்ச்சொல்லாகத்தான் மறையை எடுத்தார். ஆனால் நேர்ச்சொல் என்று எடுத்தது தன் பழைய பொருளையும் மடியில் கட்டிக்கொண்டே வந்திருக்கிறது என்பதுதான் இந்த வகுப்பில் நான் பெற்ற பெரிய ஆதாயம்.

நான்காவது வாரத்தைப் பற்றி நல்லதாக எழுத முயன்றும் முடியவில்லை. விருந்தினர் தொடங்கிய உடனேயே, மர்மம் என்ற சொல் மறையிலிருந்து வந்தது, ஆங்கிலத்தின் ‘மிஸ்டரி’யும் மறையிலிருந்தே போனது என்றார். முதல் எழுத்து ஒத்திருப்பதைத் தவிர ஒரு சான்றும் தரவில்லை. மிஸ்டரி கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்தது. ‘முயெய்ன்’, அதாவது மூடுதல், என்னும் வினையோடு அதைத் தொடர்புபடுத்துவார்கள். கண்ணையோ வாயையோ மூடிக்கொண்டு, எலூசிஸ் போன்ற இடங்களில் நடந்த சடங்குகளில் கண்டதை வெளியே சொல்லாதிருக்க உறுதி பூண்டவரே ‘மூஸ்டெஸ்’. இதைச் சொல்லியிருந்தாலே போதும்: தமிழன் பொருளின்மேல் திரை போட்டான், வடமொழியில் தனியிடத்துக்கு அழைத்துப் போனார்கள், கிரேக்கன் வாயை மூடினான் என்று மூன்று வேறு படங்கள் கிடைத்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே வேரில் கட்டும் ஆசையில் அந்த வேறுபாட்டையே தொலைத்துவிட்டார்.

மர்மத்தின் கதை இன்னும் சுவையானது, அதையும் அவர் தொடவில்லை. வடமொழியில் ‘மர்மன்’ என்பது உடம்பில் அடிபட்டால் உயிர் போகக்கூடிய இடம். ரிக்வேதத்தின் போர்க்கருவிப் பாட்டில், உன் மர்மங்களை வர்மத்தால் மூடுகிறேன் என்று ஓர் அடி வருகிறது. மர்மம் உயிர்நிலை, வர்மம் கவசம். தென்தமிழ்நாட்டு வர்ம ஆசான்களோ உயிர்நிலையையே வர்மம் என்கிறார்கள். நான் எழுந்து இதைக் கேட்டபோது, “தம்பி, அதெல்லாம் வடவர் சூழ்ச்சி” என்று பதில் வந்தது. எனக்கு வயது நாற்பத்தெட்டு. தம்பி என்றதற்கு மட்டும் நன்றி.

அந்த வாரத்தைக் காப்பாற்றியவர், எங்களோடு நான்கு வாரமும் வந்த கன்னடக்காரர் ஒருவர். தமிழ் பேசுவார், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். தேநீர் இடைவேளையில் அவர் சொன்னது: கன்னடத்தில் ‘மரெ’ என்றால் திரை, மறைப்பு, ‘மரெ’ என்றால் மறந்துபோவதும்கூட. பழைய கன்னடத்தில் தமிழின் றகரத்துக்கு இணையான எழுத்து ஒன்று இருந்தது. இன்று அது வழக்கில் இல்லாததால் எல்லாம் ரகரம்தான். தமிழில் மற என்றும் மறை என்றும் நாம் பிரித்துவைத்திருப்பது அவர் வாயில் ஒரே ஒலியாக இருக்கிறது. பெரியவர் ஒருவர் இறந்தால் கன்னடப் பத்திரிகைகள் ‘கண்மரெயாதரு’ என்று எழுதும், நாம் ‘மறைந்தார்’ என்று எழுதுகிறோம். வேர்ச்சொல் ஆராய்ச்சி என்றால் இப்படிப் பக்கத்து வீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நாற்பது நிமிட உரையில் கிடைக்காதது பத்து நிமிடத் தேநீரில் கிடைத்தது.

கைப்பிரதியைப் பற்றி ஒரு குறை. முப்பத்திரண்டு பக்க ஒளிநகல். மேற்கோள்களுக்குப் பாட்டு எண் தந்திருப்பது நல்லது, ஆனால் மூன்று இடங்களில் ‘மறை’ என்பது ‘மரை’ என்று அச்சாகியிருக்கிறது. மரை என்பது திருகாணியின் புரி. மரை கழன்றவன் என்று திட்டுகிறோமே, அந்த மரை. ‘நான்மரை முனிவர்’ என்று படித்துவிட்டு நேராக உட்கார்ந்திருப்பது கடினமாக இருந்தது. அகராதிப் பக்கங்களையும் மங்கலாக நகலெடுத்திருக்கத் தேவையில்லை. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். ஒலிப்பதிவு தருவோம் என்றார்கள். வந்ததில் பாதி மின்விசிறிச் சத்தம்.

பக்திச் சொற்பொழிவு எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏற்றதன்று. இலக்கணம் என்றாலே ஒதுங்குபவர்களும் இரண்டாம் வாரத்தில் திணறுவார்கள். தங்கள் வீட்டுப் பிரார்த்தனையில் உள்ள சொற்களை ஒருமுறை திருப்பிப் பார்க்க விரும்பும் எவரும், எந்தச் சமயத்தவரானாலும், முதல் மூன்று வாரங்களுக்குத் தாராளமாகப் போகலாம். அந்த மூன்றுக்கு மட்டும் கட்டணம் செலுத்த முடியுமா என்று கேட்டேன்; முடியாது என்றார்கள். அடுத்த சுற்றில் ‘சூட்சுமம்’ என்ற சொல்லை எடுக்கப்போகிறார்களாம். நான்காவது வாரத்தையும் பழைய ஆசிரியரே நடத்துவாரா என்று விசாரித்து எழுதியிருக்கிறேன். பதில் வந்த பிறகுதான் பணம் கட்டுவேன்.